பொண்ணு "நான் அதீனாவோட மகள்"னு சுத்துறா, இது சரியாகிடுமா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா கேள்வி ஒண்ணு மாதிரி இருந்தாலும் அதுக்குள்ள நாலு ஒளிஞ்சிருக்கு. பொண்ணுக்கு 12 வயசு. கிரேக்க புராண சாமிங்களை வெச்சு எழுதின சிறுவர் கதை பெர்சி ஜாக்சன் அஞ்சு புக்கையும் நாலாவது ரவுண்டு படிச்சிட்டிருக்கா. கதைல வர்ற கேம்ப் மாதிரி ஆரஞ்சு டி-ஷர்ட்தான் வேணும்னு அடம், பர்த்டே கேக் நீல கலர்ல வேணுமாம், பிரெண்ட்ஸோட சேந்து யாரு எந்த கேபின்னு சண்டை, ராத்திரி தூங்கப் போற நேரத்துல "அம்மா, மெடூசா பாவம்மா"ன்னு அதுல வர்ற பாம்பு முடி ராட்சசிக்காக அழுகை. இந்த வெறி எதனால வருது, இதுல கெடுதல் ஏதும் இருக்கா, நிஜ புராணத்தையும் இந்த கதையையும் போட்டு குழப்பிப்பாளா, அடுத்து என்ன குடுக்கலாம். இவ்ளோதானே?

நான் ஸ்கூல் லைப்ரரி பாத்துக்கற ஆளு, பதினஞ்சு வருஷமாச்சு. இந்த சீரிஸோட முதல் புக்கை மட்டும் நான் நாலு தடவை புதுசா வாங்கியிருக்கேன், திருட்டுப் போகல, படிச்சு படிச்சே கிழிஞ்சு போச்சு. அதனால ஒரு பயமும் வேண்டாம்னு முதல்லயே சொல்லிடறேன். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஏன் இந்த மாதிரி கதைக்கு மட்டும் பிள்ளைங்க இப்படி ஆகுதுங்கன்னு புரிஞ்சா நீங்களே ரசிப்பீங்க, அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

ஆரம்பத்துல இருந்து வரேன். எழுதினவர் ரிக் ரையர்டன், அமெரிக்கால மிடில் ஸ்கூல் வாத்தியாரா பதினஞ்சு வருஷம் வேலை பாத்தவர். அதுக்கு முன்னாடியே பெரியவங்களுக்கு துப்பறியும் நாவல் எழுதிட்டிருந்தார், அது ஒரு பக்கம். அவரோட பெரிய பையனுக்கு ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கறது), டிஸ்லெக்சியா (எழுத்து படிக்க தடுமாறறது) ரெண்டும் இருந்துச்சு. படிப்புன்னாலே ஓடுற பையன், ஆனா கிரேக்க புராணம்னா உக்காந்து கேப்பான், அதனால அப்பா தினம் ராத்திரி கதை சொன்னார். ஒரு கட்டத்துல சரக்கு தீந்து போச்சு. பையன் விடல, அதே சாமிங்களை வெச்சு புதுசா சொல்லுன்னு கேட்டான். அப்படி வந்தவன்தான் பெர்சி. மூணு ராத்திரி சொன்னாராம், முடிச்சதும் பையனே இதை புக்கா எழுதுன்னு சொல்லியிருக்கான். முதல் புக் 2005ல வந்துச்சு, அஞ்சாவது 2009ல.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, பையனோட பிரச்சனையை அவர் கதைல மறைக்கல, அதையே அடையாளமா மாத்திட்டார். கதைல பெர்சிக்கு எழுத்தெல்லாம் மிதக்கும், இங்கிலீஷ் படிக்க வராது. ஏன்னா அவன் மூளை பழைய கிரேக்கம் படிக்கறதுக்கு செஞ்சது. கிளாஸ்ல ஒரு இடத்துல உக்கார மாட்டான். ஏன்னா அது சண்டைக்களத்துல உயிர் பிழைக்கிறதுக்கான வேகம். அதாவது ரிப்போர்ட் கார்டுல மைனஸா எழுதுற ரெண்டு விஷயமும் இங்க நீ சாமி பெத்த பிள்ளைங்கறதுக்கு சாட்சி. இதை படிச்சிட்டு ஒரு பையன், அதுவரைக்கும் படம் பாத்துட்டே பக்கம் திருப்புற பையன், என்கிட்ட வந்து "மிஸ், இவன் என்ன மாதிரியே இருக்கான்"னு மெதுவா சொன்னான், வேற யாருக்கும் கேக்கக்கூடாதுங்கற மாதிரி. அவன் அஞ்சையும் முடிக்க ஒரு வருஷம் எடுத்துக்கிட்டான். முடிச்சான்.

சரி, கேபின் சண்டைக்கு வருவோம், ஏன்னா வெறியோட மையம் அங்கதான் இருக்கு.

கதை தெரியாம இதை படிக்கறவங்களுக்காக சொல்றேன். கிரேக்க சாமிங்க இன்னும் உயிரோட இருக்காங்க, ஒலிம்பஸ் மலை இப்ப நியூயார்க்ல எம்பயர் ஸ்டேட் பில்டிங் 600வது மாடி, அந்த சாமிங்களுக்கு மனுஷங்களோட பிறந்த பிள்ளைங்கதான் டெமிகாட்ஸ், அவங்க பாதுகாப்பா இருக்க ஒரு கேம்ப். அங்க பன்னெண்டு பெரிய சாமிக்கும் ஆளுக்கொரு கேபின். நீ யாரு பிள்ளைன்னு தெரிஞ்சா அந்த கேபின்ல இடம். தெரியலன்னா? ஹெர்மிஸ் கேபின்ல, தரையில, ஸ்லீப்பிங் பேக்ல. ஏன்னா ஹெர்மிஸ் வழிப்போக்கர்களோட சாமி, யார் வந்தாலும் சேத்துப்பார். அங்க நெருக்கியடிச்சு படுத்திருக்க பிள்ளைங்க தினமும் காத்துட்டிருக்கும், என்னிக்காவது நம்ம அப்பாவோ அம்மாவோ ஒரு அடையாளம் காட்டி, தலைக்கு மேல ஒரு ஒளி மின்னி, இவன் என் பிள்ளைன்னு சொல்ல மாட்டாங்களான்னு. சில பேருக்கு அது வரவே வராது.

இப்ப பன்னெண்டு வயசுல இருக்க ஒரு பிள்ளையா இதை படிச்சு பாருங்க. நான் யாரு, எதுல நான் கெட்டிக்காரி, என்னை யாராவது கவனிக்கறாங்களா, அம்மா அப்பா சொல்றதெல்லாம் சரியா, இதெல்லாம் முதல் தடவையா மனசுல ஓடுற வயசு. அதுக்கு நேரா போய் ஒட்டிக்குது இந்த கேபின் ஏற்பாடு. அதனாலதான் நான் அதீனா பொண்ணு, நீ அப்பல்லோ பையன்னு அவ்ளோ சீரியஸா சண்டை. அது வெறும் விளையாட்டு இல்ல, தனக்கு ஒரு வரையறை தேடுறாங்க. அதீனா அறிவோட சாமி, அந்த கேபின் கேக்கற பிள்ளை பெரும்பாலும் "நான் புத்திசாலின்னு யாராவது சொல்லுங்க"ன்னு கேக்கற பிள்ளை, என் அனுபவம் அப்படி. (போர் சாமி ஏரீஸ் கேபின் வேணும்னு கேட்டு வந்தவங்களை நான் இதுவரை ரெண்டே ரெண்டு பேரைத்தான் பாத்திருக்கேன், ரெண்டுமே ரொம்ப அமைதியான பொண்ணுங்க. ஏன்னு எனக்கு புரியல.)

அஞ்சாவது புக் முடிவை இங்க சொல்லப்போறேன், படிக்காதவங்க இந்த பாராவை தாண்டிடுங்க. எல்லா சண்டையும் முடிஞ்சு சாமிங்க பெர்சிகிட்ட உனக்கு சாகாவரம் தரோம்னு சொல்றாங்க. அவன் வேண்டாம்னுடறான். அதுக்கு பதிலா, உங்க பிள்ளைங்களை எல்லாம் பதிமூணு வயசுக்குள்ள உங்க பிள்ளைன்னு ஏத்துக்கணும், சின்ன சாமிங்களோட பிள்ளைங்களுக்கும் கேபின் கட்டணும், அவ்ளோதான்னு கேக்கறான். அஞ்சு புக்கா தரையில படுத்திருந்த பிள்ளைங்களுக்கு கேட்டு வாங்கின வரம் அது. பெரியவங்க நாம கடைசி சண்டைதான் கிளைமாக்ஸ்னு நினைப்போம், பிள்ளைங்களை கேட்டா இந்த இடத்தைத்தான் சொல்வாங்க.

நீல கேக் கதையும் இதே மாதிரிதான். பெர்சியோட வளர்ப்பப்பா மோசமான ஆளு, நீல கலர்ல சாப்பாடே கிடையாதுன்னு ஒரு நாள் வாதம் பண்றான், அன்னிலேருந்து அம்மா எதை எடுத்தாலும் நீலமா செய்வாங்க. வாய் திறந்து எதுத்துப் பேச முடியாத ஒரு அம்மா பண்ற சின்ன கலகம். ஆகஸ்ட் 18 பெர்சி பிறந்தநாள், அன்னிக்கு உலகம் பூரா ரசிகருங்க நீல கேக் படம் போடுவாங்க. உங்க பொண்ணு உங்ககிட்ட நீல கேக் கேக்கறான்னா அந்த கதைல வர்ற அம்மா இடத்துல உங்களை வெச்சிருக்கான்னு அர்த்தம், அதை கொஞ்சம் யோசிச்சிட்டு ஃபுட் கலரிங்குக்கு திட்டுங்க.

அப்புறம் சொல்ற விதம். முதல் அத்தியாயத்தோட தலைப்பே கணக்கு டீச்சரை தெரியாம ஆவியாக்கிட்டேன்ங்கற தோரணைலதான் இருக்கும். பையன் நேரா நம்மகிட்ட பேசறான், கிண்டலா, கொஞ்சம் பயத்தோட. அழகான வர்ணனை தேடுனா கிடைக்காது, மொழியா பாத்தா அது பெரிய இலக்கியம் இல்ல, நான் அப்படி சொல்லவும் மாட்டேன். ஆனா வேகம் இருக்கு, அந்த வயசுக்கு வேணும்கற இடத்துல சிரிப்பு இருக்கு.

இதெல்லாம் மத்த சிறுவர் ஃபேன்டசிலயும் ஓரளவு இருக்கேன்னு கேப்பீங்க. ஹாரி பாட்டர்லயும் நாலு ஹவுஸ் இருக்கு, அதுக்கும் உலகமே டெஸ்ட் எடுத்துச்சு. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, நான் சொல்ல வர்றதே அதைத்தான். புராணத்துக்கு ஓனர் கிடையாது. ஹாரி பாட்டர் உலகத்துல ஒரு சந்தேகம் வந்தா கடைசில எழுதினவங்க வாக்குதான் தீர்ப்பு, அதுக்கு மேல போக கதவு இல்ல. இங்க அப்படி இல்ல. கிரேக்க சாமிங்களோட ராஜா ஜீயஸ் ரையர்டனோட சொத்து கிடையாது. அது புறம்போக்கு நிலம் மாதிரி, யார் வேணா வந்து குடிசை போடலாம், ரையர்டனும் ஒரு குடிசை போட்டார், அவ்ளோதான். அதனால அவரை கேள்வி கேக்க பன்னெண்டு வயசு பிள்ளைக்கும் உரிமை இருக்கு, சாட்சிக்கு ரெண்டாயிரத்து சொச்சம் வருஷத்து ஆளுங்களை கூப்பிடலாம். பிள்ளைங்களுக்கு இதை விட பெரிய போதை வேற என்ன வேணும் சொல்லுங்க, புக் எழுதினவரையே தப்புன்னு நிரூபிக்கலாம்!

உங்க பொண்ணு அழுத மெடூசா விஷயத்தையே எடுத்துக்கோங்க. என் லைப்ரரில இதுக்கு ஒரு பெரிய தகராறே நடந்துச்சு, ஒரு லஞ்ச் பிரேக் முழுக்க. ஒரு பொண்ணு, மெடூசா ராட்சசியா இல்ல பாதிக்கப்பட்டவளான்னு ஆரம்பிச்சா. ரையர்டன் புக்ல மெடூசா கடல் சாமி போஸைடனோட காதலி, அதீனா கோயில்ல ரெண்டு பேரும் சந்திச்சாங்க, அதீனா கோவத்துல சபிச்சுட்டா. அதுக்கு இன்னொரு பையன் கிரேக்க புராண கலைக்களஞ்சியம் ஒண்ணை தூக்கிட்டு வந்து, இல்ல, அவ பிறக்கும்போதே கார்கன்ங்கற ராட்சசி இனம், மூணு அக்கா தங்கச்சில இவளுக்கு மட்டும்தான் சாவு உண்டுன்னு படிச்சு காட்டினான். ரெண்டு பேரும் என்னை பாத்தாங்க. நான் சொன்னேன், ரெண்டும் சரிதான். ஹெஸியட்னு ஒரு பழைய கிரேக்க கவிஞர், கி.மு. 700 வாக்குல, அவர் பாட்டுல அவ கார்கன் வம்சம். எழுநூறு வருஷம் கழிச்சு ரோம்ல ஓவிட் பாடும்போது அவ ஒரு அழகான பொண்ணு, அதீனா கோயில்லயே கடல் சாமி அவகிட்ட அத்துமீறினான், தண்டனை மட்டும் அவளுக்கு, முடியெல்லாம் பாம்பாச்சு. அந்த பொண்ணு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப தப்பு பண்ணவனுக்கு ஒண்ணுமே இல்லையா மிஸ்?"னு கேட்டா. நான் பாடம் எடுத்து வர வெச்ச கேள்வி இல்ல அது. டிவி சீரிஸ்லயும் இதே இடத்தை புக்கை விட மெடூசா பக்கம் கொஞ்சம் சாய்ச்சுதான் எடுத்திருக்காங்க, மெடூசாவே தன் கதையை சொல்ற மாதிரி.

இன்னும் நிறைய இருக்கு. புராணத்துல பெர்சியஸ் ஜீயஸோட பிள்ளை, இங்க அவன் பேரை வெச்ச பெர்சி போஸைடனோட பிள்ளை. அது தெரியாம செஞ்சது இல்ல, கதைல அம்மாவே காரணம் சொல்றாங்க, கிரேக்க வீரர்கள்ல பெரும்பாலானவங்க கதை சோகமாதான் முடியும், பெர்சியஸ்தான் நல்லபடியா வாழ்ந்தவன், அந்த அதிர்ஷ்டம் வரட்டும்னு அந்த பேரு. மாட்டுத் தலை மினோட்டார், படுக்கைக்கு ஏத்த மாதிரி ஆளை இழுத்து நீட்டுற ப்ரோக்ரஸ்டிஸ், இதெல்லாம் உண்மைல தீசியஸ்ங்கற வேற ஒரு வீரன் சந்திச்சவங்க, பெர்சி கணக்குல சேந்துடுச்சு. அப்புறம் ரசிகர்கள் நடுவுல ஓயாத சண்டை ஒண்ணு, அதீனா கல்யாணமே வேண்டாம்னு இருந்த கன்னி தேவதை, அவளுக்கு எப்படி ஒரு கேபின் நிறைய பிள்ளைங்க? ரையர்டன் பதில் வெச்சிருக்கார், அதீனா எப்படி ஜீயஸ் தலையிலேருந்து பிறந்தாளோ அதே மாதிரி அவ பிள்ளைங்களும் அவ எண்ணத்துல இருந்தே பிறந்தவங்கன்னு. சாமர்த்தியம்தான். ஆனா நல்ல ரசிகர் யாரும் இதோட விட மாட்டாங்க, "அப்ப அவங்களுக்கு தொப்புள் இருக்குமா?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. இதை வாசிச்சிட்டு சிரிக்காதீங்க, நான் இதுல கலந்துக்கிட்டு வாதம் பண்ணியிருக்கேன்.

அதனால குழப்பிப்பாளாங்கற உங்க மூணாவது கேள்விக்கு என் பதில் இது. கொஞ்ச நாள் குழப்பிப்பா, அப்புறம் உங்களை விட தெளிவாயிடுவா. எது ஒரிஜினல்னு தேட ஆரம்பிச்சதும் ஒரிஜினல்னு ஒண்ணு இல்லங்கறது தெரிஞ்சிடும். கிரேக்கத்துலயே யூரிபிடிஸ் கி.மு. 412ல போட்ட நாடகத்துல, ட்ராய் போருக்கே காரணம்னு சொல்ற ஹெலன் ட்ராய்க்கே போகல, போனது அவ மாதிரி செஞ்ச ஒரு மாயை உருவம், நிஜ ஹெலன் எகிப்துல பத்திரமா இருந்தா. நமக்கு இது கேட்ட மாதிரி இருக்குல்ல? ராவணன் தூக்கிட்டுப் போனது மாயசீதைன்னு நம்ம பக்கமும் ஒரு கதை உண்டு. வால்மீகில ராவணன் சீதையை கையால பிடிச்சு தூக்குவான், கம்பர்ல தொடவே மாட்டான், பர்ணசாலையோட மண்ணோட பேத்து எடுத்துட்டுப் போவான். கம்பரை யாரும் குழப்பிட்டார்னு சொல்லல. அளவுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், நான் ரையர்டனை கம்பர் பக்கத்துல உக்கார வெக்கல, செய்யற வேலை ஒரே ஜாதின்னு மட்டும் சொல்றேன்.

அடுத்து ரசிகர் வாழ்க்கைல பெரிய பகுதி, காத்திருக்கறது. முதல் அஞ்சு முடிஞ்சதும் 2010லேருந்து ரெண்டாவது அஞ்சு வந்துச்சு, இதுல ரோமன் கேம்பும் சேந்துடும். அதுல மூணாவது புக் 2012 அக்டோபர்ல. முடிவுல பெர்சியும் அவன் காதலி, அதீனா பொண்ணு அனபெத்தும் கைகோத்துக்கிட்டு டார்டரஸ்ங்கற அதல பாதாளத்துல விழுறாங்க. முற்றும். அடுத்தது 2013 அக்டோபர்ல தான். ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷத்துல ரசிகருங்க வரைஞ்ச படம், எழுதின கதை, போட்ட சண்டை கணக்கே இல்ல. கிளிஃப்ஹேங்கர்னா மலை விளிம்புல தொங்க விடறது, இவரு நிஜமாவே தள்ளி விட்டுட்டார்னு ஜோக் ஓடிட்டிருந்துச்சு. அந்த காத்திருந்த புக்ல இன்னொண்ணும் நடந்துச்சு, பாதாள சாமி ஹேடிஸோட பையன் நிக்கோ, தனக்கு பையன்களை பிடிக்கும்ங்கறதை ஒத்துக்க வேண்டிய ஒரு காட்சி. அந்த வயசு பிள்ளைங்களுக்கான இவ்ளோ பாப்புலரான ஒரு சீரிஸ்ல அது பெரிய விஷயம். நிக்கோவுக்கும் வில்ங்கற அவன் காதலனுக்கும் தனியா ஒரு நாவலே 2023ல வந்துச்சு, ரையர்டன் மார்க் ஒஷிரோவோட சேந்து எழுதினது.

இந்த ஜோடி சேக்கற வேலைக்கு ஷிப்பிங்னு பேரு, உங்க பொண்ணு வாயில "பெர்சபெத்"னு வந்தா அது பெர்சியும் அனபெத்தும், சாபம் இல்ல. ஃபேன் ஃபிக்ஷனும், அதாவது ரசிகருங்களே எழுதற கதையும் படிப்பா, கூடிய சீக்கிரம் எழுதுவா. எழுதட்டும், ஒரு பக்கம் கட்டுரை எழுத அழுத பிள்ளைங்க நாப்பது அத்தியாயம் எழுதினதை நான் பாத்திருக்கேன். ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபேன் ஃபிக்ஷன் போடற பெரிய தளங்கள்ல கணக்கு தொடங்க குறைஞ்சது 13 வயசு ஆகணும், அங்க பெரியவங்களுக்கான கதையும் அதே பேர்ல கலந்து இருக்கும். ஒவ்வொரு கதை தலைப்புலயும் ரேட்டிங் போட்டிருக்கும், அதை எப்படி பாக்கணும்னு பக்கத்துல உக்காந்து ஒரு தடவை காட்டிடுங்க. போனை பிடுங்கறதை விட அது நல்லா வேலை செய்யும்.

படத்தை பத்தி பேசாம விட்டா ரசிகருங்க என்னை சும்மா விட மாட்டாங்க. 2010லயும் 2013லயும் ரெண்டு படம் வந்துச்சு. புக்ல 12 வயசு பிள்ளைங்களை படத்துல டீனேஜ் பசங்களா ஆக்கிட்டாங்க, கதையும் எங்கெங்கயோ போச்சு. புக்ல வர்ற பொன்னிற முடி அனபெத் முதல் படத்துல அடர் பழுப்பு முடியோட வந்ததுக்கு அவ்ளோ கத்தல். அந்த சமயத்துல தயாரிப்பு தரப்புக்கு ரையர்டன் எழுதின கடிதங்களை பின்னாடி அவரே தன் வெப்சைட்ல போட்டார், வயசை ஏத்தாதீங்க, இதை படிக்கற சின்ன பிள்ளைங்களை இழந்துடுவீங்கன்னு முன்னாடியே கெஞ்சியிருக்கார். படத்தை அவர் பாக்கவே இல்லைன்னும் சொல்லியிருக்கார். இன்னிக்கும் ரசிகருங்க நடுவுல "அந்த படம்"னா அப்படி ஒண்ணு வரவே இல்லங்கற மாதிரி பேசறது ஒரு சம்பிரதாயம்.

டிவி சீரிஸ் 2023 டிசம்பர்ல ஆரம்பிச்சுது, இதுல ரையர்டனே உள்ள இருந்தார், பிள்ளைங்க வயசும் சரியா இருந்துச்சு. பெர்சியா வாக்கர் ஸ்கோபெல், அவன் நண்பன் க்ரோவரா ஆர்யன் சிம்ஹாத்ரி, அனபெத்தா லியா ஜெஃப்ரீஸ். இங்கதான் ரசிகர் கூட்டத்தோட அசிங்கமான பக்கமும் தெரிஞ்சுது. லியா கறுப்பின பொண்ணு, 2022ல அவளை தேர்ந்தெடுத்த செய்தி வந்ததும் புக்ல பொன்னிற முடின்னு இருக்கேன்னு ஆரம்பிச்சு ஒரு சின்ன பொண்ணை ஆன்லைன்ல வசைபாடினாங்க. ரையர்டன் பூசி மெழுகல, இது இனவெறிதான்னு நேரா எழுதினார், நான் எழுதின பாத்திரத்துக்கு இவதான் பொருத்தம், இதை ஏத்துக்க முடியலன்னா என் புக்ல இருந்து நீங்க எதுவும் கத்துக்கலங்கற தொனியில. கதையை நேசிக்கறேன்னு சொல்லிட்டு, தரையில படுத்திருக்க பிள்ளைக்கு இடம் கேக்கற கதையை படிச்சிட்டு, ஒரு பிள்ளைக்கு இடம் இல்லைன்னு சொல்றவங்களும் அதே கூட்டத்துல இருந்தாங்க. இதை உங்க பொண்ணுகிட்ட மறைக்க வேண்டாம், அவளுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.

இனி நம்ம வீட்டு பிள்ளைங்களுக்குன்னு தனியா வர்ற ஒரு விஷயம். கிரேக்க சாமிங்களை கேலி பண்ணா நமக்கு வலிக்காது, பெரும்பாலானவங்களுக்கு அது கும்பிடற சாமி இல்ல. ரையர்டனும் ஜாக்கிரதையா முதல் புக்லயே கேம்ப் வாத்தியார் கைரான் வாயால சொல்லிடறார், இங்க பேசறது சின்ன எழுத்து சாமிங்க, பெரிய எழுத்துல எழுதற கடவுள் வேற விவகாரம், அதுக்குள்ள நாம போகலைன்னு. நார்ஸ், அதாவது வட ஐரோப்பா புராணத்தை வெச்சு 2015லேருந்து எழுதின சீரிஸ்ல சமீரான்னு ஹிஜாப் போட்ட முஸ்லிம் பொண்ணு வால்கிரியா (போர்ல செத்த வீரர்களை மேல கூட்டிட்டுப் போறவ) வர்றா, அவளுக்கு தோரும் ஓடினும் சக்தி உள்ளவங்க மட்டும்தான், கடவுள் இல்ல. ஆனா மகாபாரதத்தை எடுத்தா என்ன ஆகும்? அது இன்னிக்கும் வீட்டுல விளக்கேத்தி கும்பிடற சாமிங்க வர்ற கதையாச்சே.

ரசிகருங்க அவர்கிட்ட ரொம்ப வருஷமா கேட்டாங்க, இந்திய புராணத்தை எழுதுங்க, சீன புராணத்தை எழுதுங்கன்னு. அவர் எழுதல. அந்த கதைகளோட வளந்தவங்க எழுதறதுதான் சரின்னுட்டு தன் பேர்ல ஒரு பதிப்பு வரிசை ஆரம்பிச்சு அவங்க புக்கை போட்டார். அதுல முதல்ல 2018ல வந்தது ரோஷனி சோக்ஷியோட ஆரு ஷா. அஞ்சு புக், 2022ல முடிஞ்சுது. பன்னெண்டு வயசு பொண்ணு, வாயை திறந்தா பொய், அம்மா வேலை பாக்கற மியூசியத்துல தொடக்கூடாத விளக்கை ஏத்திடறா, வினை ஆரம்பிக்குது. பாண்டவங்க ஆத்மா இந்த தலைமுறைல அஞ்சு பொண்ணுங்களா பிறந்திருக்கு, ஆருவுக்கு இந்திரன் அப்பா, அவ தோழி மினிக்கு எமதர்மராஜா. இதை வேற நாட்டு பிள்ளைங்க புதுசா படிக்கறாங்க, பாட்டி மடியில மகாபாரதம் கேட்ட பிள்ளை படிக்கும்போது அனுபவமே வேற. கூட வர்ற புறா யாருன்னு தெரியுற இடம் இருக்கு பாருங்க, விவரம் தெரிஞ்ச பிள்ளை அங்க கத்தியே விடும். ஒண்ணு ரெண்டு இடத்துல எனக்கு உறுத்துச்சு, தேவலோகம் ஷாப்பிங் மால் மாதிரி ஆயிடற ஜோக்கெல்லாம் கொஞ்சம் ஓவர். வீட்டுல பெரியவங்களுக்கு இது பிடிக்காம போகலாம், முன்னாடியே ஒரு தடவை நீங்க புரட்டிடுங்க. அதுக்காக ஒளிச்சு வெக்காதீங்க, ஒளிச்சா இன்னும் வேகமா படிப்பா.

அதே வரிசைல க்வாமே எம்பாலியா எழுதின ட்ரிஸ்டன் ஸ்ட்ராங், 2019, ஆப்பிரிக்க சாமிங்களும் அமெரிக்க கறுப்பின நாட்டுப்புறக் கதை ஆளுங்களும் சேந்து வர்றது. எனக்கு மொத்த வரிசைலயும் ரொம்ப பிடிச்சது இதுதான், மொழியே துள்ளும். ஜே.சி. செர்வான்டஸ் எழுதின மாயா புராணக் கதை ஒண்ணு, சர்வத் சட்டா எழுதின மெசபடோமியா கதை ஒண்ணு, கில்கமேஷ் பேரை பிள்ளைங்க முதல்ல கேக்கறது பெரும்பாலும் அங்கதான். ரையர்டனோட எகிப்து சீரிஸ் மூணே புக், அண்ணன் தங்கச்சி மாத்தி மாத்தி டேப்ல பேசற மாதிரி, சண்டைக்கோழி அண்ணன் தங்கச்சி வீட்டுல இருந்தா அதை குடுங்க. பழசுல லாயிட் அலெக்சாண்டரோட ப்ரிடெய்ன், 1964லேருந்து 68 வரை அஞ்சு புக், வேல்ஸ் புராணத்துல இருந்து எடுத்தது, கடைசி புக்குக்கு அமெரிக்கால சிறுவர் புக்குக்கு குடுக்கற நியூபெரி மெடல் கிடைச்சுது. மெதுவா போகும், பெர்சி வேகத்துல பழகின பிள்ளை முதல் ஐம்பது பக்கம் முனகும், கடைசில இதுதான் மனசுல நிக்கும். மூலக்கதை வேணும்னா டாலேர் தம்பதி 1962ல எழுதி படமும் வரைஞ்ச கிரேக்க புராண புக் ஒண்ணு போதும், என் லைப்ரரில மெடூசா சண்டைக்கு அப்புறம் அது அலமாரில தங்குனதே இல்ல.

ஒண்ணு கவனிக்கணும். பதிமூணு பதினாலு ஆனதும் இந்த பிள்ளைங்க நேரா அகிலீஸ், சர்ஸின்னு கிரேக்க கதை ஆளுங்க பத்தி பெரியவங்களுக்கு எழுதின நாவலுக்கு தாவும், அட்டையும் பாக்க அதே மாதிரிதான் இருக்கும், கடையிலயும் பக்கத்து பக்கத்துல அடுக்கியிருப்பாங்க. அது வேற வயசுக்கு எழுதினது. தடை போட சொல்லல, எது எதுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க தெரிஞ்சு வெச்சுக்கோங்கன்னு சொல்றேன்.

நாலாவது தடவை படிக்கறாளேன்னு கவலைப்பட்டீங்க. படிக்கட்டும். முதல் தடவை என்ன ஆகும்னு படிச்சா, ரெண்டாவது தடவை ஜோக்குக்கு, மூணாவது தடவை அடுத்து வர்ற துரோகத்துக்கு முன்னாடியே எங்கெங்க துப்பு வெச்சிருக்காருன்னு பாக்க. நாலாவது தடவை எதுக்குன்னா, அது வீட்டுக்கு போற மாதிரி. நாம பாத்த படத்தையே நூறு தடவை பாக்கறோம், அதை யாரும் வியாதின்னு சொல்லல. ஒரே ஒரு விஷயம் மட்டும் செய்யாதீங்க, இதுல இருந்து என்ன கத்துக்கிட்டேன்னு கேள்வி கேட்டு பரிட்சை வெக்காதீங்க. அப்படி கேட்ட அடுத்த நாளே புக்கை திருப்பிக் குடுத்த பிள்ளைங்க என்கிட்ட உண்டு.

இது சரியாகிடுமான்னு தலைப்புலயே கேட்டிருந்தீங்க. டி-ஷர்ட் ஒரு வருஷத்துல சின்னதாயிடும், கேபின் சண்டை ஹைஸ்கூல்ல அடங்கும். மத்தது முடியாது. முதல்ல சொன்னேனே, ஒரு வருஷம் எடுத்து அஞ்சையும் முடிச்ச பையன், அவன் இப்ப தொல்லியல் படிக்கறான். போன மாசம் வந்தான், பேசிட்டு கிளம்பும்போது அலமாரி பக்கம் போய் முதல் புக்கை எடுத்து, கடைசி பக்கத்துல பென்சில்ல தான் எழுதினது இருக்கான்னு தேடினான். அது பழைய காப்பி, எப்பவோ கிழிஞ்சு போச்சுன்னு சொன்னேன், மூஞ்சி வாடிடுச்சு. இன்னிக்கே உங்க பொண்ணு புக்கை வாங்கி, அட்டை கழண்டிருந்தா ஒட்டி வெச்சிடுங்க. அப்படியே உங்களுக்கு எந்த கேபின்னு அவளையே சொல்லச் சொல்லுங்க. எனக்கு பிள்ளைங்க எல்லாரும் சேந்து குடுத்தது ஹெர்மிஸ் கேபின், யார் வந்தாலும் சேத்துக்கறேனாம், எனக்கு என்னவோ அதீனா கிடைக்கும்னு ஒரு நினைப்பு இருந்துச்சு.